இனாமலுக்கு அடியில் அம்மா

கோவிலில் உட்காரும் நீள வாங்குகள் இரண்டை ஒன்றாக இழுத்துப்போட்டு, அதன்மேல் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை மடித்து விரித்து, மாதாவைப் படுக்க வைத்திருந்தார்கள். தேக்குப் பலகையில் வரைந்த ஆளுயரப் படம். இத்தனை வருடமாகப் பீடத்துக்கு மேலே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவர்போல முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவருடைய வாய்க்குப் பக்கத்தில் குனிந்திருந்தவர் நிலூஷி. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவருடைய தொழில். பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை ஒரு சின்னப் போத்தலுக்குள் நனைத்தார். மண்ணெண்ணெயும் தோடம்பழத் தோலும் கலந்ததுபோல ஒரு மணம் எழுந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா அக்கா ஒரு கையால் செபமாலையை உருட்டிக்கொண்டு, மறு கையால் பங்குப் பத்திரிகையை மடித்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணன் சுவரைப் பார்த்தபடி திரும்பி நின்றார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சந்தின் கடைசியில் இருக்கும் அந்தச் சின்னக் கோவிலின் திருநாள் குழுவுக்கு அவர்தான் தலைவர். எப்போதிலிருந்து என்று யாருக்கும் நினைவில்லை.

"அக்கே, பலன்ன," என்றார் நிலூஷி. பாருங்கள் என்கிறார்.

நான் பார்க்கவில்லை. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஆயுளில் பாதியைக் கழித்து, வந்தவர் போனவர் எல்லோரையும் முறைத்துப் பார்த்த நான், ஒரு படத்தைப் பார்க்கப் பயந்து நின்றேன். அந்த இனாமல் பெயின்டுக்கு அடியில் இருந்தது என் அம்மாவின் முகம். இன்னும் இருக்கிறதா, பெயின்டோடு கரைந்து பஞ்சில் வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. அந்த முகத்துக்கு உலகத்தில் வேறு படம் கிடையாது.

வாயை மூடிய படங்கள்

இந்தத் தொடரின் தலைப்புக்குப் பக்கத்தில் வாராவாரம் என் படம் வருகிறது. அதில் நான் வாயை இறுக மூடிக்கொண்டிருப்பேன். தெகிவளையிலிருந்து ஒரு வாசகர், "எழுத்தில் இவ்வளவு சிரிக்கிறீர்கள், படத்தில் மட்டும் ஏன் கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறவர்போல இருக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தெத்துப்பல். மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கும். சின்ன வயதில், அப்பாவின் அக்காமார் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வரும்போதெல்லாம் என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்புவார்கள்.

"உந்தப் பல்லு எங்கட பக்கத்திலை ஒருத்தருக்கும் இல்லை."

அதில் என் பல்லைப் பற்றிய செய்தி கொஞ்சம்தான். மீதியெல்லாம் அம்மாவைப் பற்றியது. அப்பா யாழ்ப்பாணத்துச் சைவர், அரசாங்கத்தில் எழுதுவினைஞர். அம்மா ரோசலின் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், துறைமுகத்துக் கிளாக்கர் ஒருவரின் ஒரே மகள். அந்தக் கல்யாணத்தை மாமிமார் கடைசிவரை மன்னிக்கவில்லை. திட்டுவதற்கு அம்மா இல்லாதபடியால் என் பல்லைத் திட்டினார்கள்.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது அம்மா காய்ச்சல் என்று வைத்தியசாலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா அவரைப் பற்றிக் கதைத்ததே இல்லை. ஏதாவது கேட்டால் எழுந்து போய்க் குழாயைத் திருகி முகம் கழுவுவார். அவர் முகம் கழுவுவதைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

எனக்கென்று இருந்தது ஒரு அல்பம். அதில் என் பல்லைத் தேடியிருக்கிறேன். கல்யாணப் படம், காலிமுகத்திடலில் காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம், நான் மடியில் இருக்கும் ஸ்டூடியோப் படம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அம்மா வாயை மூடியே இருந்தார். அழகான, கவனமான வாய். சரி, இது யாரிடமிருந்தும் வராத பல் என்று முடிவுகட்டினேன். படம் எடுக்கும்போது நானும் வாயை மூடப் பழகிக்கொண்டேன்.

பிறகு எண்பத்துமூன்று ஆடியில், தமிழர் வீடுகளை எரித்த அந்தக் கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தது. நாங்கள் தப்பிய கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன், மறுபடி எழுத மனமில்லை. அல்பம் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. நாங்கள் திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. அம்மாவின் பெற்றோர் அதற்கு முன்பே காலமாகி, கொட்டாஞ்சேனை வீடும் கைமாறியிருந்தது. வேறு யாரிடமும் படம் இல்லை.

அகதி முகாமில் பாயில் உட்கார்ந்திருந்த அப்பா, நான் கேட்காமலே வாய் திறந்தார்.

"கொட்டாஞ்சேனையிலை ஒரு படம் இருக்குப் பிள்ளை. பெயின்ட் நோனா கீறினது."

கப்பலிலிருந்து இறங்கியவர்

பெயின்ட் நோனா என்ற அந்த வெள்ளைக்காரத் துரைசாணியின் சொந்தப் பெயர் வினிஃப்ரெட் பெல்தோர்ப். கொட்டாஞ்சேனையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஏதோ ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். லண்டனில் ஓவியம் படித்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், கப்பல்கள் எதிரியின் கண்ணில் படாதிருக்க அவற்றின் மேல் கோடும் கட்டமுமாக நிறம் பூசும் வேலை பார்த்தாராம். யுத்தம் முடிந்து சில வருடங்களில், அவுஸ்திரேலியாவில் இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்யக் கப்பல் ஏறினார். வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. நோனா ஊர் பார்க்க இறங்கினார். கப்பல் போய்விட்டது.

கப்பலைத் தவறவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பதில் கொட்டாஞ்சேனையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நேரம் பிந்திவிட்டது என்பது மரியதாஸ் அண்ணனின் கட்சி.

"நேரம் பிந்தினதாம். கலியாணம் கட்டப் போறவள் கப்பலை விடுவாளே? வேண்டாம் எண்டுதான் விட்டவ," என்பார் ஸ்டெல்லா அக்கா. நான் அவருடைய கட்சி.

அம்மாவின் அப்பா தன் வீட்டு மேல்மாடி அறையை நோனாவுக்குக் கொடுத்தார். சன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும் அறை. அங்கே சில வருடங்கள் இருந்தார். இடியப்பத்தைச் சீனி தொட்டுச் சாப்பிடுவாராம். அதைத் தெருவில் யாரும் மன்னிக்கவில்லை, மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்கள்.

அவர் வேலை செய்யும் விதம் வேறு. முதலில் பலகை முழுவதும் செங்கல் நிறம் பூசிக் காயவிடுவார். பென்சிலால் கோடு போடமாட்டார், நேரே தூரிகைதான். வெள்ளைச் சேலையை வரையும்போது வெள்ளையைத் தொடமாட்டார். நீலம், மஞ்சள், கொஞ்சம் பச்சை வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்க்கச் சொன்னால் அது வெள்ளையாகவே இருக்குமாம். காலையில் வெயில் ஏறுவதற்குள் வேலையை நிறுத்திவிடுவார். இந்த ஊர் வெயில் நிறத்தையெல்லாம் தின்றுவிடுகிறது என்பது அவர் முறைப்பாடு. பிறகு குடையை விரித்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போய், மூட்டை சுமப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. முன்னால் உட்காருகிறவர் அசையலாம், சொறியலாம், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். பேசாமல் மட்டும் இருக்கக் கூடாது. நோனாவுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அதில் அதிகம் பாவித்த சொல், பேசு என்பதற்கு "கதை!" மரியதாஸ் அண்ணனின் தாயார் அதை நோனாவின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். உட்கார்ந்தவர் வாயை மூடினால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடிய முகம் வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குப் போகலாமே என்பாராம்.

கொழும்பில் ஒருமுறை கண்காட்சி வைத்தார். தென்னை மரமும் சூரியன் மறைவதும் பார்க்க வந்தவர்கள், வியர்த்து வழியும் மூட்டைக்காரரையும் மருதானை ஸ்டேஷன் போர்ட்டர்மாரையும் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போனார்கள். படம் விற்கவில்லை. கடைசியில் நோனா ஊருக்கே திரும்பி, பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்து, பிறந்த கரையிலேயே முதியோர் இல்லம் ஒன்றில் இறந்தார். அவருடைய படங்கள் உடன்பிறந்தவரின் மகள் வீட்டுத் தோட்டக் கொட்டிலில் கிடந்தன. அந்தக் கொட்டிலை யாரோ திறந்து பார்த்து, இப்போது அங்கே அவரைப் பெரிய ஓவியர் என்கிறார்கள். நல்லதுதான். உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் ஒரு நல்ல சாப்பாடாவது சாப்பிட்டிருப்பார் என்று எனக்குக் கோபம்.

றால் உடைத்த கை

கோவிலுக்கு ஒரு மாதா படம் வேண்டும் என்று அந்தக் காலத்துப் பங்குத் தந்தை நோனாவைக் கேட்டார். நோனா கோவிலுக்குப் போகிறவர் அல்ல. ஆனாலும் சம்மதித்தார். நிறையக் கதைக்கிற பெண் ஒருத்தியும் கைக்குழந்தை ஒன்றும் வேண்டும் என்றார்.

நிறையக் கதைக்கிற பெண் வீட்டிலேயே இருந்தாள். அம்மாவுக்கு அப்போது இருபது வயதுகூட இராது.

"எனக்கு ஏலாது, உடைக்க றால் கிடக்கு," என்றாராம் அம்மா.

"றாலைக் கொண்டு வா. கதை!" என்றாராம் நோனா.

அப்படித்தான் அந்தப் படம் உருவானது. சட்டியில் இறாலை வைத்து ஓடு உடைத்துக்கொண்டு, தெருவில் நடந்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். படத்தில் மாதா குழந்தையின் பாதத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் றால் உடைக்கும் விரல்கள் என்பது தெருவுக்கே தெரிந்த பகிடி.

குழந்தை யார் என்றும் தெருவுக்குத் தெரியும். தெரியாதவருக்கு மரியதாஸ் அண்ணனே சொல்லிவிடுவார்.

"அந்த யேசுபாலன் ஆர் தெரியுமே? நான்தான்!"

எதிர்வீட்டுக் கைக்குழந்தையாக இருந்தவர். றால் நாற்றத்தில் தான் வீரிட்டு அழுததாகவும் சொல்வார். அது எப்படி நினைவிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது திருநாளுக்குத் திருநாள் அப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். திருநீறு பூசிய நெற்றியோடு கடைசி வரிசையில் கைகூப்பி நிற்பார். எனக்குப் படம் உயரத்தில் மெழுகுதிரிப் புகைக்குள் மங்கலாகத் தெரியும். நான் வெளியே நிற்கும் பலூன்காரரைப் பார்ப்பேன். வீட்டில் அல்பம் இருக்கும்போது யார் கழுத்தை வளைத்து மேலே பார்ப்பார்கள்?

நன்றிக்கு ஒரு பூச்சு

முகாமிலிருந்து வெளியே வந்து, பஸ்ஸில் ஏறும் தைரியம் வந்த முதல் நாளே கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். அந்த நாட்களில் கோவிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெரு மக்கள் பாதிப்பேர் அதற்குள்தான் ஒளிந்திருந்தார்கள். காப்பாற்றிய மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்திருக்கிறது.

எங்கள் கோவில்களில் நன்றி சொல்வது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். திருநாளுக்கு முன்னால் சுரூபங்களுக்குப் புதுப் பெயின்ட் அடிப்போம். புனிதர்கள் எல்லோரும் புதுச் சட்டை போட்டதுபோல மினுங்குவார்கள். சுரூபத்துக்குச் செய்வதைப் படத்துக்கும் செய்தால் என்ன என்று மரியதாஸ் அண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது. மருதானையிலிருந்து பெயர்ப்பலகை எழுதும் ஒருவரைக் கூட்டிவந்தார். முதல்தரமான இனாமல் பெயின்ட்.

உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். ரோசாப் பூ நிறத்தில் ஒரு முகம். வில்லாக வளைந்த புருவம். சின்னச் சிவப்பு வாய், இறுக மூடியிருந்தது. சுற்றிலும் நீல வானம். தலையில் முன்பு இல்லாத தங்கக் கிரீடம். மடியில் பொன்னிறச் சுருள் முடியோடு வெள்ளைக்காரக் குழந்தை. தன் தலைமயிரைத் தானே பொன்னாக்கிக்கொண்ட மனிதர் இலங்கையிலேயே மரியதாஸ் அண்ணன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

நான் வாங்கில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"பாத்தியே தங்கச்சி, மாதா உயிரோட வந்து நிக்கிற மாதிரி இருக்கு, என்ன?"

"ஓம் அண்ணன்," என்றேன்.

வேறென்ன சொல்ல? அவர் அன்பால் செய்தார். அந்த நாட்களில் அந்த ஊரில் அன்பால் எதையாவது செய்த ஒருவரோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் சில வருடங்களுக்கு ஒருமுறை திருநாளுக்கு ஒரு பூச்சு ஏறியது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அல்பத்தில் இருந்த முகம் எனக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் சேலைக் கரை மட்டும் மிஞ்சியது.

விட்டுக்கொடுக்காத வானம்

போன வருடம் இங்கிலாந்திலிருந்து கோவிலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பெல்தோர்ப் அம்மையார் வரைந்த மாதா படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். அதன் பின்னால் நிலூஷி வந்தார். அமைதியான சிங்களப் பிள்ளை. என்னோடு பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் கதைத்தார்.

முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்ப்போம் என்று, படத்தின் மேல் மூலையில், வானத்தில், முத்திரை அளவு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். பஞ்சால் தேய்த்தார். இனாமல் அசையவில்லை. கத்தி நுனியால் மெல்ல நெம்பினார். இனாமல் வந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு அடியில் இருந்த நோனாவின் வானமும் வந்தது. செங்கல் நிறம் தெரிந்தது.

நிலூஷி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். முகமும் இப்படியே ஒட்டியிருந்தால், பூச்சை எடுக்கும்போது முகமும் போய்விடும் என்றார்.

மரியதாஸ் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"காணும். மாதாவிலை இனி ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். திருநாளுக்குப் புதுப் பெயின்டும் எடுத்து வைச்சிட்டன்."

அவர் செய்ததுதான் இதைக் கெடுத்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

பங்குத் தந்தை என்னைப் பார்த்தார். "உங்கட அம்மா. நீங்களே சொல்லுங்கோ."

வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் திரும்பினேன். ஒருவர் ஏறி அன்னாசித் துண்டு விற்றார், ஒருவர் பாடிக் காசு கேட்டார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. விட்டுவிட்டால் இன்னொரு பூச்சு ஏறும், அம்மா இன்னும் கீழே போவார். எடுத்தால் ஒருவேளை ஒன்றுமே இராது. இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இருப்பதா, இல்லை என்று கண்ணால் பார்ப்பதா? பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குப் போகாமல், ஒழுங்கையின் கடைசிக்கு நடந்து ரயில் பாதைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

றால்தான் யோசனை சொன்னது. வீட்டுக்கு வரும் வழியில் மீன்காரரின் சைக்கிள் பெட்டியில் றாலைப் பார்த்தேன். முகத்தை விடுவோம். முதலில் கையைப் பார்ப்போம். கை போனாலும் முகம் அடியில் இருக்கும். அடுத்த நாள் போய் அதைச் சொன்னேன். மரியதாஸ் அண்ணன் கிரீடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, கையை மட்டும்," என்றார்.

சனிக்கிழமை எண்ணெய்

கையில் பஞ்சு பட்டதும் இனாமல் சுருண்டது. காய்ச்சிய பாலின் ஆடைபோல விரலளவு துண்டுகளாக எழும்பி வந்தது. அடியில் மண்ணிறத்தில் ஒரு கை. அடுத்த துண்டில் விரல்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து, நெம்புவதற்குத் தயாராக இருந்தன. றால் உடைக்கும் விரல்களேதான்.

நிலூஷிக்கு நம்ப முடியவில்லை. எடுத்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மஞ்சளாகப் பிசுபிசுத்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"அக்கே, மேக மொகக்த?" இது என்ன என்று கேட்டார்.

அப்போது ஸ்டெல்லா அக்காவின் செபமாலை கீழே விழுந்தது.

"தேங்காய் எண்ணெய்," என்றார் மெதுவாக.

மரியதாஸ் அண்ணன் திரும்பினார். "என்ன?"

"சனிக்கிழமையிலை பூச் சோடிக்க வருவமெல்லே. அப்பிடியே துணியிலை எண்ணெய் தொட்டு ஒரு துடை துடைச்சிடுவம். வீட்டிலை சாமிப் படத்துக்கும் மேசைக்கும் துடைக்கிற மாதிரி. உங்கட அம்மாவும் துடைச்சவ."

"எண்ணெய் பூசினால் தூசி ஒட்டும், பூசக் கூடாதெண்டு நான் குழுவிலை சொன்னனானே! நோட்டீஸும் ஒட்டினனான்!"

"ஓம், ஒட்டினீங்கள். அந்த நோட்டீஸையும் துடைச்சனாங்கள்."

"எத்தினை வருசமா?"

"நீங்கள் பால் குடிக்கிற காலத்திலையிருந்து. நீங்கள் போர்ட்டுக்கு வேலைக்குப் போன பிறகுதான் வருவம்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் நிலூஷி வாய்விட்டுச் சிரித்தார். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்த இனாமல் பிடிக்கவே இல்லை என்று விளக்கினார். பெயர்ப்பலகைக்காரர் திருநாள் அவசரத்தில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டிவிட்டு அடித்திருக்கிறார். இத்தனை பூச்சுகளும் படத்தில் ஒட்டாமல் சும்மா மேலே கிடந்திருக்கின்றன. வானத்தில் மட்டும் ஏன் ஒட்டியது என்று கேட்டேன்.

ஸ்டெல்லா அக்கா கையை மேலே தூக்கிக் காட்டினார். "வாங்கிலை ஏறி நிண்டு, கை எட்டுற வரைக்கும்தான்."

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம். பிறகு படத்தைப் பார்த்தோம். அந்த உயரத்துக்கு முகத்தில் எந்த இடம் வரும்? அண்ணன் பீடத்தடியில் வாங்கைப் போட்டார். மனைவியைக் கையில் பிடித்து ஏற்றினார். வயது எழுபதைத் தாண்டிய ஸ்டெல்லா அக்கா நடுங்கிக்கொண்டு கையை நீட்டினார். படம் தொங்கிய சுவரில் இருந்த பழைய அழுக்குக் கோட்டை வைத்துப் பார்த்தால், விரல் நுனி மாதாவின் நாடியோடு நின்றது.

"அப்ப நான் உயரம்," என்றார் ஸ்டெல்லா அக்கா, எங்களைப் பார்த்து, கெஞ்சுவதுபோல. "இப்ப குறுகிப் போனன். எங்களோட துடைக்க வந்த பிலோமினா இன்னும் உயரம். அவள் மாதாவின்ரை கன்னத்தைத் தடவித்தான் எண்ணெய் வைப்பாள்."

பிலோமினா கனடா போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவருடைய கை எவ்வளவு நீளம் என்பதில் என் அம்மாவின் முகம் தங்கியிருந்தது.

பலன்ன

அடுத்த சில நாட்களில் நிலூஷி மேல்நோக்கி வந்தார். முன்கை, முழங்கை, சேலை, குழந்தை. நாடியைத் தாண்டும் நாளில்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"அக்கே," என்றார் மறுபடி. "பய வென்ன எபா." பயப்படாதீர்கள் என்கிறார். "பலன்ன."

பார்த்தேன்.

வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் வாய். அடுத்த வசனம் இன்னும் சுவையானது என்பதுபோல ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. மேல் உதட்டுக்குக் கீழே, இடப்பக்கம், ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நின்றது.

நாக்கு தன்பாட்டில் போய் என் பல்லைத் தொட்டது.

"மாதாவுக்குத் தெத்துப்பல்லா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பிய மரியதாஸ் அண்ணன், பார்த்ததும் வாங்கைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, ரோசலின் அக்கா! இத்தினை நாளும் புகையிலை தெரியேல்லையே. தங்கச்சி, இது உங்கட அம்மாதான், இப்பிடித்தான் கதைப்பா. கமராவைக் கண்டால் மட்டும் டப்பெண்டு வாயை மூடிடுவா, பல்லுத் தெரியுமாம் எண்டு!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான் தேடிய அல்பம் முழுவதும் அம்மா ஒளித்துவைத்திருந்தது இதைத்தான். எரிந்துபோன படங்களில் ஒருநாளும் இல்லாத அம்மா இங்கே இருந்தார். நோனா, "கதை!" என்று அதட்டியதில் வாயைத் திறந்து, தெரு வம்பெல்லாம் சொல்லிக்கொண்டு, பல்லை மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். மாமிமாரே, கேளுங்கள். பல்லுக்குச் சொந்தக்காரி கிடைத்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தோளில் ஒரு பை இருந்ததே மறந்துபோகும் அளவுக்கு நெடுநாள் சுமந்துவிட்டு, யாரோ வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. வாங்கில் உட்கார்ந்து ஸ்டெல்லா அக்கா ஊற்றித் தந்த பிளேன்டீயைச் சீனி போடாமலே குடித்து முடித்தேன்.

கன்னம் வந்தது. கண்கள் வந்தன. பிலோமினாவின் கை வாழ்க. நெற்றியோடு எண்ணெய் முடிந்தது. அதற்கு மேல் இனாமல் கல்லாக இருந்தது. கிரீடத்தையும் வானத்தையும் தொட வேண்டாம் என்று நிலூஷி நிறுத்திக்கொண்டார்.

"கிரீடமாவது நிக்கட்டும்," என்றார் மரியதாஸ் அண்ணன். அதில் அவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இப்போது அந்தப் படத்தில் நோனா வரைந்த முகத்துக்கு மேலே அண்ணனின் கிரீடம் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் என்ன நினைப்பார்களோ தெரியாது. எனக்கு அது பொருத்தமாகத்தான் தெரிகிறது.

குழந்தையின் பொன்முடியும் உரிந்து வந்துவிட்டது. அடியில் கறுத்த, கொழுத்த, கன்னத்தில் கண்ணூறுக்குப் பெரிய கறுப்புப் பொட்டு வைத்த, அழத் தயாரான ஒரு கொட்டாஞ்சேனைக் குழந்தை. அண்ணன் அந்தப் பொட்டுக்குக் கிட்டக் குனிந்தார்.

"என்ரை அம்மா வைச்ச பொட்டு," என்றார்.

திருநாளுக்கு வந்த ஒரு பெண், மாதா இப்படி வாயைத் திறந்துகொண்டிருக்கலாமா என்று முணுமுணுத்தார். ஸ்டெல்லா அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்கள் செபத்திலை கேக்கிறதுக்கு அவ பதில் சொல்ல வேண்டாமோ?" என்றார். வாங்கி வைத்த புதுப் பெயின்டைக் கோவில் கேற்றுக்கு அடித்தார்கள். இனி எண்ணெயும் வைக்கக் கூடாது என்று நிலூஷி கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லி ஸ்டெல்லா அக்கா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று எனக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

தெகிவளை வாசகருக்கு. இந்த வாரம் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் படம் புதிது. மரியதாஸ் அண்ணன் தன் போனில் எடுத்தது. மாதாவுக்குக் கீழே நின்றுகொண்டு, வழக்கம்போல வாயை மூடினேன். அவர் போனை இறக்கிவிட்டு, "கதை!" என்று அதட்டினார்.

பல் தெரிகிறது, பாருங்கள். அது அம்மாவினுடையது.